மூணு கடல் மைல்

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில உட்கார்ந்தா, கட்டுமரம் இங்கிலீஷுக்கு நாம கொடுத்த வார்த்தைன்னு பெருமை பேசுவோம். அந்தக் கட்டுமரம் கடல்ல பட்ட பாடு தெரியுமா மக்களே?

1950களுக்கு அப்புறம் அரசாங்கமே ஊக்கம் கொடுத்து விசைப்படகுகளை இறக்கியது. இறால் ஏற்றுமதியில் நல்ல காசு. இறால் கிடைப்பது கரையோரம்; கட்டுமரக்காரர் வலை விரிப்பதும் அங்கேதான். விசைப்படகு இழுவைமடியோடு குறுக்கே போனால் வலை போச்சு. பாய் விரிச்சுப் போறவர் துரத்திப் பிடிக்கவா முடியும்? 1970களில் தமிழகக் கரையோரம் மோதல்கள், உயிர்ப்பலிகள்.

அப்புறம்தான் 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டருக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாதுன்னு அப்போ விதி வந்தது.

சட்டம் சரிதான். ஆனா தண்ணியில கோடு கிழிக்க முடியாதே! வேகமாப் போறவர் மனசுல அந்தக் கோடு இருந்தாத்தான் உண்டு.