கார் கண்ணாடியை ஏத்துற உரிமை யாருக்கு?

வழக்கமா கோட்டை, கல்வெட்டு, துறைமுகம்னு போவோம். இன்னைக்கு ஒரு காரோட கதவுக்குள்ள போகப் போறோம். எங்க வீட்டுப் பழைய கார்தான். ஆனா கடைசில ஒரு பெரிய வழக்கு வரைக்கும் போவோம், கூடவே வாங்க.

போன வருஷம் மே மாசம். அம்மாவை உக்கார வச்சுக்கிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில மணமேல்குடியிலேர்ந்து தொண்டி பக்கம் போய்க்கிட்டிருந்தேன். ஜெகதாப்பட்டினத்துல டீ குடிக்கலாம்னு ஓரம் கட்டினேன். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கினேன், இறங்கிடுச்சு. ஏத்தலாம்னு சுவிட்சை இழுத்தா ஏறல. சத்தமும் இல்ல. மத்த மூணு கதவும் ஒழுங்கா வேலை செய்யுது. பொழுது சாயப் போகுது, பின் சீட் முழுக்க சாமான், ராத்திரி தங்கப் போற இடத்துல கார் தெருவுலதான் நிக்கணும். கண்ணாடி திறந்த காரை யார் நம்பி விட்டுட்டுத் தூங்குவாங்க?

டீக்கடைக்காரர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையைக் காட்டினாரு. அது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசமும் படகு வேலைதான் நடக்கும். அண்ணனும் ஒரு படகோட பேட்டரி வயரிங்கைத்தான் மாத்திக்கிட்டிருந்தாரு.

"அம்மாவ நிழல்ல உக்காரச் சொல்லுங்க தம்பி, பாத்துருவோம்"னாரு.

அவர் என்ன பண்றார்னு பக்கத்துலயே நின்னு பார்த்தேன். முதல்ல சுவிட்சை அழுத்தச் சொல்லிட்டு கதவுல காதை வச்சாரு. மோட்டார் உறுமி கண்ணாடி நகரலேன்னா கேபிள் அறுந்திருக்கும், இல்லேன்னா கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சிருக்கும். ஒண்ணுமே கேக்கலேன்னா கரண்டு வரலேன்னு அர்த்தம், இல்ல மோட்டார் செத்துப் போச்சுன்னு அர்த்தம். அடுத்து கதவுக்கும் பில்லருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாயை விலக்கி வயர்களை இழுத்துப் பார்த்தாரு. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடியே உள்ள செம்பு முறிஞ்சிடும், மேல உறை மட்டும் நல்லா இருக்கும். எங்க வண்டில வயர் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் டோர் பேடைக் கழட்டி மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி, பேட்டரியிலேர்ந்து ரெண்டு வயரை நேரா கொடுத்தாரு. கண்ணாடி இறங்குச்சு. வயரை மாத்திக் கொடுத்தாரு, ஏறுச்சு. ஜன்னல் மோட்டார் சின்ன டிசி மோட்டார். பிளஸ், மைனஸை மாத்தினா திசை மாறும், அவ்வளவுதான். சுவிட்சைத் தொடாதப்ப மோட்டாரோட ரெண்டு முனையும் எர்த்துலதான் கிடக்கும். ஏத்துற பக்கம் அழுத்தினா ஒரு முனைக்கு 12 வோல்ட் போகும், இறக்குற பக்கம் அழுத்தினா இன்னொரு முனைக்கு. மோட்டார் நல்லாருக்கு, வயர் நல்லாருக்கு, அப்போ மிச்சம் சுவிட்சு.

சுவிட்சைப் பிரிச்சா உள்ள செப்புத் தகட்டுல பச்சைக் களிம்பு. "ஐஸ் தண்ணி ஒழுகுற மீன் வண்டி எல்லாம் இதே கேஸ்தான். உங்களுக்குக் கடல் காத்து போதும்"னாரு. மெல்லிய எமரித் தாளால தேய்ச்சு, துடைச்சு, மாட்டினாரு. கண்ணாடி ஏறிடுச்சு. முக்கால் மணி நேரம்.

இப்ப இதோட வரலாற்றுக்கு வருவோம்.

ஆரம்பகாலக் கார்கள்ல கண்ணாடியைத் தோல் வாரால தூக்குவாங்க. பழைய ரயில் பெட்டி ஜன்னல்ல இருந்த அதே முறை. வார்ல ஓட்டை இருக்கும், எந்த உயரம் வேணுமோ அந்த ஓட்டையை ஆணியில மாட்டணும். அப்புறம் கைப்பிடியைச் சுத்தி ஏத்துற முறை வந்துச்சு. அதுல ஒரு சிக்கல்: வண்டி குலுங்குற குலுக்கல்ல கண்ணாடி தானா இறங்கும், திருடன் அழுத்தினாலும் இறங்கும். ஜெர்மனியில கோபர்க் நகரத்துல இருந்த ப்ரோசே நிறுவனம் 1926-ல இதுக்குக் காப்புரிமை வாங்குச்சு. தண்டைச் சுத்தி ஒரு ஸ்பிரிங், கைப்பிடியிலேர்ந்து சுத்தினா விடும், கண்ணாடி பக்கத்துலேர்ந்து தள்ளினா இறுக்கிப் பிடிச்சுக்கும். இன்னைக்கு மோட்டார்ல அந்த வேலையைப் புழுப் பல்சக்கரம் செய்யுது. மோட்டார் சக்கரத்தைச் சுத்தலாம், சக்கரம் மோட்டாரைச் சுத்த முடியாது.

பொத்தானை அழுத்தினா ஏறுற கண்ணாடி 1940-ல அமெரிக்காவோட பேக்கார்டு கார்ல வந்துச்சு. ஆனா அது முழு மின்சாரம் இல்ல. ஒரு மின் பம்ப்பு எண்ணெயை அழுத்தி ஒவ்வொரு கதவுலயும் இருக்கிற சிலிண்டருக்கு அனுப்பும். இந்த மாதிரி எண்ணெய் அமைப்பு ஒழுகினா கதவுப் பெயிண்ட்டும் சீட் துணியும் காலி. 1951-ல கிரைஸ்லர் இம்பீரியல் முழுக்க மின்சாரத்துக்கு மாறுச்சு. கதவுக்கு ஒரு மோட்டார்னு ஆன பிறகு அடிப்படை பெருசா மாறவே இல்லேன்னுதான் சொல்லுவேன்.

நம்ம ஊருக்கு அது வர ரொம்ப நாள் ஆச்சு. அம்பாசிடர் 1958-லேர்ந்து 2014 வரை உத்தர்பாராவுல தயாராச்சு. நமக்கெல்லாம் கார் ஜன்னல்னா கைப்பிடி சுத்துறதுதான், முன்பக்கம் ஒரு முக்கோணக் கண்ணாடியும் இருக்கும். (அந்த முக்கோணத்து வழியா வர்ற காத்துக்கு எந்த ஏசியும் ஈடில்லேன்னு எங்க அப்பா கடைசி வரைக்கும் சண்டை போடுவாரு.) 1991-ல வந்த டாடா சியராவுல பவர் விண்டோ இருந்துச்சு. அடுத்த பத்து, பதினைஞ்சு வருஷத்துல அது நடுத்தரக் குடும்பக் கார் வரைக்கும் இறங்கி வந்துருச்சு.

கூடவே ஆபத்தும் வந்துச்சு. ஜன்னல்ல தலையை நீட்டி வேடிக்கை பார்க்கிற குழந்தையோட முழங்கால் கைப்பிடி மேல இருக்கிற சுவிட்சை அழுத்தும், கண்ணாடி கழுத்தை நெரிக்கும். குழந்தைங்க இப்படிச் செத்திருக்காங்க. அமெரிக்காவுல 2004-ல விதி போட்டாங்க: தெரியாம கை கால் பட்டு கண்ணாடி ஏறுற மாதிரி சுவிட்சு இருக்கக் கூடாது. இன்னைக்குப் பல கார்கள்ல ஏத்துறதுக்கு சுவிட்சை விரலால மேல இழுக்கிறோம்ல, அந்த வடிவத்துக்குப் பின்னால இந்தச் சாவுகள் இருக்கு. எதுலயாவது இடிச்சா தானா திரும்பி இறங்குற கண்ணாடியும் வந்துச்சு. அதுக்கு மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணுற சென்சார் வேணும், எண்ணிக்கையை ஞாபகம் வச்சுக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேணும். பேட்டரியைக் கழட்டி மாட்டினா சில வண்டில ஒரே இழுப்புல கண்ணாடி ஏறாது. ரிப்பேர் இல்லங்க, அது ஞாபகத்தை இழந்துடுச்சு. முழுசா ஏத்தி சுவிட்சைச் சில நொடி பிடிச்சிருந்தா பல வண்டில மறுபடி கத்துக்கும்.

1986-ல பாஷ் நிறுவனம் கேன் அப்படிங்கிற தகவல் தொடர்பு முறையை அறிமுகம் செஞ்சுது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வயர் இழுக்காம ரெண்டே வயர்ல எல்லாக் கம்ப்யூட்டரும் பேசிக்கும். இந்த மாதிரி வண்டில சுவிட்சு மோட்டாருக்குக் கரண்டு அனுப்பாது, "ஏத்து"ன்னு செய்தி மட்டும் அனுப்பும். அங்கதான் ஜெகதாப்பட்டினம் அண்ணனோட டெஸ்ட் லைட்டு தோத்துப் போகுது. செய்தியைப் படிக்க ஸ்கேனர் வேணும். புது மாட்யூல் மாட்டினா அதை அந்த வண்டிக்குப் பதிவு செய்ய கம்பெனி சாஃப்ட்வேர் தேவைப்படலாம்.

2011-ல ஷம்ஷேர் கட்டாரியா அப்படிங்கிறவர் இந்தியப் போட்டி ஆணையத்துல புகார் கொடுத்தாரு. கார் கம்பெனிங்க உதிரி பாகத்தையும் பழுது கண்டுபிடிக்கிற கருவியையும் தங்களோட டீலருக்கு மட்டும் கொடுத்து, வெளி மெக்கானிக்குக் கிடைக்காம பண்றாங்கன்னு புகார். கம்பெனிங்க பாதுகாப்பைச் சொன்னாங்க, பயிற்சி இல்லாதவங்க கை வச்சா ஆபத்துன்னாங்க. ஆணையம் ஏத்துக்கல. 2014 ஆகஸ்ட் 25-ல 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு, வெளிக் கடைகளுக்கும் பாகமும் கருவியும் கிடைக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போச்சு. 2022-ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை"க்கு ஒரு குழு அமைச்சுது, நாலு துறையில வாகனமும் ஒண்ணு. அந்த வருஷம் டிசம்பர் 24-ல ஒரு இணையதளமும் திறந்தாங்க.

எனக்கு இதுல ரெண்டு மனசு. குழந்தை கழுத்தைக் காப்பாத்துற சென்சாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த சென்சாரோட பேசுற கருவியை அண்ணனுக்கு விக்க மாட்டேன்னு சொல்றது வேற விஷயம். பாதுகாப்புங்கிற பேர்ல ரெண்டையும் ஒண்ணாக் கட்டுறாங்க, அதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். ஜெகதாப்பட்டினத்துலேர்ந்து கம்பெனி ஒர்க்ஷாப்பைத் தேடிப் போறவருக்கு அது ஒரு நாள் பொழப்பு போற விஷயம். மீன் வண்டி ஓட்டுறவருக்கு ஐஸ் கரையும்.

அண்ணன்கிட்ட புது வண்டி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "மோட்டார், வயர், கிளிப்புன்னா பார்ப்பேன். மாட்யூல்னா, தெரியாதுன்னு சொல்லி அனுப்பிருவேன் தம்பி, பொய் சொல்லக் கூடாதுல்ல"னாரு.

200 ரூபாய் வாங்கினாரு. கிளம்புறப்ப கதவோட அடியில ரெண்டு ஓட்டையைக் காட்டினாரு. கண்ணாடி வழியா உள்ள இறங்குற மழைத் தண்ணி வெளிய போற வழி அது, மண்ணு அடைச்சிருந்துச்சு. ஒரு கம்பியால குத்தி விட்டாரு. உள்ள நின்ன தண்ணி ரோட்டுல ஓடுச்சு, அம்மா காலைத் தூக்கிக்கிட்டாங்க.

உங்க வண்டியிலயும் மழைக்கு முன்னாடி அதைப் பாருங்க.