ஐம்படிச் சமன்பாடு: ஓஸ்லோவும் கும்பகோணமும்

இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் மாணவர், கூட்டினால் ஐந்தும் பெருக்கினால் ஆறும் தரும் எண்கள் இரண்டும் மூன்றும் எனத் தேடிக் காண்கிறார். காரணிகள் எளிதிற் புலப்படாதவிடத்து வர்க்கமூலம் கொண்ட வாய்பாடு துணைசெய்கிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் முப்படிக்கும் நாற்படிக்கும் இத்தகைய வாய்பாடுகளைக் கண்டனர். ஐம்படிக்கும் அஃது உண்டா என்பதே எஞ்சிய வினா.

இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில், 1821இல் பள்ளி மாணவராயிருந்த நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் அதனைக் கண்டுவிட்டதாக எண்ணினார். கோபன்ஹேகன் பேராசிரியர் தேகென் எண்வழி எடுத்துக்காட்டு ஒன்று கேட்டார். அதனைச் செய்ய முயன்றபோது பிழை வெளிப்பட்டது. 1824இல், அத்தகைய வாய்பாடு இல்லை என்னும் நிறுவலை ஆபெல் தம் செலவில் ஆறு பக்கச் சிறுநூலாக அச்சிட்டார். ஐம்படிக்குக் காரணிகளே இல்லை என்பதன்று அம்முடிவு. கெழுக்களிலிருந்து நான்கு அடிப்படைச் செயல்களாலும் மூலங்களாலும் அவற்றைப் பொதுவாக எழுத இயலாது என்பதே.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின், 1903இல், கும்பகோணம் பள்ளி மாணவர் இராமானுசன் அதே ஐம்படியைத் தீர்க்க முயன்றார். நாற்படிக்குத் தமக்கென ஒரு வழி கண்டிருந்த அவருக்கு ஆபெலின் முடிவு எட்டியிருக்கவில்லை. இதனைத் தனிமேதையின் கதையாக மட்டும் கூறுதல் போதாது. இருவரும் மேற்கொண்ட முயற்சி ஒன்றே. ஆபெலுக்கு ஒரு தேகென் வாய்த்தார், இராமானுசனுக்கு அப்பருவத்தில் அத்தகையோர் வாய்க்கவில்லை. ஆகவே கணித வரலாறு திறமையை மட்டுமன்றி, நூலும் கடிதமும் சென்றடைந்த வழிகளையும் ஆராய்தல் வேண்டும்.