கர்ப்ஸதெகி

பாரசீகச் சொல். ‘கர்ப்’ என்றால் மேற்கு, அரபியிலிருந்து வந்தது. ‘ஸதன்’ என்றால் அடித்தல். அதிலிருந்து ‘ஸதெ’, அடிபட்டது. ‘கி’ அந்த நிலையைக் குறிக்கும் விகுதி. வெப்பத்தால் தாக்குண்டு விழுவதை ஈரானியர் ‘கர்மாஸதெகி’ என்பார்கள். நம் பேச்சில் ‘பேயடித்தவன்’ என்கிறோமே, அந்த அடிதான்.

சொல்லை ஆக்கியவர் தத்துவப் பேராசிரியர் அகமது ஃபர்தீத். ஊரறியச் செய்தவர் எழுத்தாளர் ஜலால் ஆலெ அகமது, 1962-இல் அதே தலைப்பில் வந்த நூலின் வழியே. கோதுமையைத் துளைக்கும் பூச்சியை அவர் உவமை காட்டுகிறார்: உமி முழுதாக நிற்கும், உள்ளே மணி இருக்காது. எண்ணெயை விற்று இயந்திரம் வாங்கி, அதைச் செய்யத் தெரியாமலே வாழும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் படித்ததில்லை.

ஆலெ அகமது மதகுரு வீட்டுப் பிள்ளை. கம்யூனிஸ்டாக இருந்து விலகி, 1964-இல் ஹஜ் சென்றவர். மதமும் பொருளாதாரக் கோபமும் அவரிடம் கலந்தது தற்செயல் அல்ல; ஈரானில் அவை முன்பே கலந்திருந்தன. 1890-இல் ஷா ஈரானின் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தபோது, மதகுரு மிர்ஸா ஷிராஸியின் பெயரில் வந்த ஃபத்வாவால் நாடே ஹூக்காவைக் கீழே வைத்தது. 1892-இல் ஒப்பந்தம் ரத்தானது.

1979 புரட்சிக்குப் பின் சொல் ஆட்சியாளர் கைக்குப் போய், எதிர்ப்பவரை ஏசும் வசையானது. அது சொல்லுக்கு நேர்ந்த அநீதி.

தமிழில் இதை ‘மேற்கத்திய மோகம்’ என்று பெயர்க்காதீர்கள். மோகம் நாமாக விரும்புவது, இது அடிபடுவது.