தாது வருஷமும் ஞானஸ்நானப் புத்தகமும்



கார்த்திகை தீபத்துக்குப் பெயர்போன நம் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலும் இருக்கிறது. அதைக் கட்டியவர் பிரான்சிலிருந்து வந்த தாரஸ் அடிகளார். 1876-78இல் தாது வருஷப் பஞ்சம். அதை ஒட்டிய ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் நிலமற்ற சேரி மக்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு.

நான் சொல்ல வந்தது மதம் பற்றியல்ல, புத்தகம் பற்றி. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குச் சாமியாரும் திருமணப் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதித்தது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, பங்குக் குடும்பங்கள் என்று ஐந்து ஏடுகளைக் கேட்டது. ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயர், தேதி, தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் இருக்கும். பட்டாவிலோ பத்திரத்திலோ இடம்பெறாத குடும்பங்கள் பலவற்றுக்கு, முன்னோர் பெயர் மையில் ஏறிய முதல் இடம் அதுதான்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது 1969இல்தான். அதற்கு முன் தேதி தெரியாத பிள்ளைக்கு வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவார். கோயில் சீட்டு கொண்டுவந்த பிள்ளைக்கு அந்தத் தேவை இல்லை.

அந்தப் பெயருக்கு விலையும் இருந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரானவர்கள் பட்டியல் சாதிச் சலுகையை இழந்தார்கள். ஊரில் சேரி மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறியது.

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய ஏடுகளை இலத்தீனில் எழுதுவது வழக்கம். ராயப்பன் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். வேலூர் மறைமாவட்டம் 1952இல் வந்தது, நம் மாவட்டம் 1989இல் பிரிந்தது. எனவே பழைய தாள்களில் வட ஆற்காடு என்றே இருக்கும். ஏடு ஞானஸ்நானம் கொடுத்த பங்கில் இருக்கும்.

சென்னை, பெங்களூரு என்று போன பிள்ளைகளுக்கும் ஒரு சொல். திருச்சபைச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்தை வைத்தே நீங்கள் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஆனால் குடும்ப ஏட்டில் பெயர் கொடுத்தால்தான் சாமியாருக்கும் அன்பியத்தாருக்கும் உங்களைத் தெரியும். கல்யாண ஓலை வாசிக்கும் நேரத்திலும், வீட்டில் ஒரு சாவு விழும் நேரத்திலும் அலையக் கூடாது. உங்கள் திருமணமும் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டில் குறிக்கப்பட வேண்டும். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த லீவுக்கு ஊருக்கு வரும்போது தாத்தா பாட்டியின் ஞானஸ்நானப் பதிவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.