டிஸ்சார்ஜ் சான்றில் விழுந்த களங்கம்

அமெரிக்கப் படைகளிலிருந்து விலகும் ஒவ்வொருவருக்கும் ஒரு சான்று தரப்படுகிறது. 1950 முதல் அதற்கு டிடி 214 என்று பெயர். பணியாற்றிய காலம், பதவி, பெற்ற பதக்கங்கள் ஆகியவற்றோடு, அவர் எந்த வகையில் விடுவிக்கப்பட்டார், என்ன காரணத்துக்காக விடுவிக்கப்பட்டார் என்பதும் அதில் பதிவாகும். முக்கியமான வகைகள் ஐந்து. கௌரவமான விடுவிப்பு, பொது விடுவிப்பு, கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பு ஆகிய மூன்றும் நிர்வாக உத்தரவால் தரப்படுபவை. தீய நடத்தை விடுவிப்பும் கௌரவமற்ற விடுவிப்பும் ராணுவ நீதிமன்றம் விதிக்கும் தண்டனைகள். முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவம், ஊனமுற்றோர் உதவித்தொகை, கல்விச் செலவு, வீட்டுக்கடன் உத்தரவாதம் எல்லாம் இந்த வகையைப் பொறுத்தே கிடைக்கும். பொது விடுவிப்பு பெற்றவருக்குப் பெரும்பாலான உரிமைகள் உண்டு. கல்வி உதவி மட்டும் கிடைக்காது. மூன்றாம் வகைக்கு இறங்கியவருக்கோ பெரும்பாலான கதவுகள் மூடிவிடும்.

போரில் மனம் நொறுங்கிய வீரர்கள் பலர் இந்த மூன்றாம் வகையில் விழுந்தார்கள். தூக்கம் போனவர் குடிக்கத் தொடங்குகிறார். திடுக்கிட்டு எழுபவர் மேலதிகாரியுடன் மோதுகிறார். முகாமுக்குள் இருக்க முடியாதவர் விடுப்பு வாங்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். கோப்பில் இவை ஒழுங்கீனம் என்றே ஏறும். நோயின் அறிகுறியையே குற்றமாக எழுதி, அந்தக் குற்றத்தைக் காட்டி நோய்க்கான சிகிச்சையையும் மறுத்த வரலாறு இது. அந்தப் பதிவைத் திருத்தும் வழி உருவாக மிக நீண்ட காலம் ஆயிற்று.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து டிஸ்சார்ஜ் சான்றின் அடிப்பகுதியில், இவரை மீண்டும் படையில் சேர்ப்பதற்கு ஆட்சேபம் எதுவும் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. வீரரின் நடத்தையிலோ உடல்நிலையிலோ குறை இருந்தால் அந்த வரியை நீக்கிவிட வேண்டும் என்ற குறிப்பும் கூடவே இருந்தது. நோயாளியின் சான்றிலும் ஒழுக்கம் தவறியவரின் சான்றிலும் விழுந்த அடித்தல் ஒன்றே. வேலை கேட்டுப் போன இடத்தில் அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு இருவரும் ஒருவராகவே தெரிந்திருப்பார்கள். அதே போரில் வடபகுதிப் படை மருத்துவர்கள் வீட்டு ஏக்கம் என்று ஒரு நோயையே பதிவு செய்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அதன் கீழ்ச் சேர்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், காயமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும் வீரர்களை ஆராய்ந்து 1871இல் எழுதினார். மருத்துவர்கள் கண்டதைச் சான்று எழுதும் எழுத்தர் காணவில்லை.

முதல் உலகப் போரில் குண்டதிர்ச்சி என்ற பெயர் பரவியது. பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் 1915இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். அதே போரில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்ற 306 வீரர்களுக்கு 2006இல்தான் மன்னிப்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1916 முதல் நீலத்தாள் வழக்கத்துக்கு வந்தது. கௌரவமானது என்றும் சொல்லாமல், கௌரவமற்றது என்றும் சொல்லாமல், நீலநிறத் தாளில் அச்சிட்டுக் கொடுத்த விடுவிப்பு அது. ராணுவ நீதிமன்ற விசாரணை தேவையில்லை, மேலதிகாரிகளின் முடிவே போதும். ராணுவ விதிகளின் எட்டாம் பிரிவு, பணிக்கு ஒவ்வாதவர் என்றோ வேண்டாத பழக்கங்கள் உள்ளவர் என்றோ ஒருவரை வெளியேற்ற இடம் கொடுத்தது. மனநிலை சரியில்லாதவர்கள், படுக்கையில் சிறுநீர் கழித்தவர்கள், தன்பாலீர்ப்பு உடையவர்கள், குடிகாரர்கள், நிறவெறியை எதிர்த்துப் பேசிய கறுப்பின வீரர்கள் என எல்லோரும் அந்த ஒரு பிரிவுக்குள் அடங்கினார்கள். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை வழங்கிய நீலத்தாள்கள் 48,000க்கும் மேல். படையில் 6.5 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் அவற்றில் 22 சதவீதத்தைப் பெற்றார்கள். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகை 1945 அக்டோபரில் இதை எதிர்த்து இயக்கமே நடத்தியது.

மனநோயைக் கோழைத்தனமாகப் பார்த்த மனப்போக்கு அந்தப் போரில் வெளிப்படையாகவே இருந்தது. 1943 ஆகஸ்டில் சிசிலியில், தளபதி ஜார்ஜ் பேட்டன் இரு வேறு நாட்களில் ராணுவ மருத்துவமனைக் கூடாரங்களுக்குப் போய், உடலில் காயமில்லாமல் அங்கிருந்த வீரர்களை அறைந்தார். செய்தி மேலிடத்துக்கு எட்டியதும் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஜான் ஹஸ்டன் என்ற திரைப்பட இயக்குநர், நியூயார்க் அருகிலுள்ள ராணுவ மனநல மருத்துவமனையில் நடுங்கிய கைகளோடும் அடைத்த நாக்கோடும் இருந்த வீரர்களைப் படமெடுத்தார். படத்தை எடுக்கச் சொன்ன ராணுவமே 1946இல் அதைத் திரையிடாமல் தடுத்தது. 1980இன் இறுதியில்தான் விட்டுக்கொடுத்தது.

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், கல்லூரிக் கட்டணத்துக்கும் வீட்டுக்கடனுக்கும் புகழ்பெற்றது. அதன் 301ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீரரின் விடுவிப்பை மறு ஆய்வு செய்ய ஒவ்வொரு படைத்துறையும் ஐந்து உறுப்பினர் கொண்ட குழுவை அமைக்க வேண்டும் என்று முதன்முதலில் சொன்னது அதுதான். நீலத்தாள் பெற்றவர்களுக்கு உதவிகளை மறுத்துவந்த முன்னாள் படைவீரர் துறையை நாடாளுமன்றக் குழு ஒன்று 1946இல் கடுமையாகக் கண்டித்தது. அதே ஆண்டு இரண்டாவது அமைப்பும் வந்தது. அதுவரை, தவறான ராணுவப் பதிவைத் திருத்த ஒருவர் தன் தொகுதி உறுப்பினரைப் பிடித்துத் தனக்கென்று தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இறக்கிவைக்க, சிவில் அதிகாரிகள் கொண்ட பதிவுத் திருத்த வாரியங்களைச் சட்டம் உருவாக்கியது. இவ்விரண்டு அமைப்புகளும் இன்றுவரை தொடர்கின்றன. மறு ஆய்வுக் குழுவுக்கு விடுவிப்பிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திருத்த வாரியத்துக்கு மூன்றாண்டுக் கெடு. நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தலாம். 1947இல் நீலத்தாள் ஒழிந்தது. அதன் இடத்தில் வந்த பொது விடுவிப்பும், இன்றைய மூன்றாம் வகைக்கு முன்னோடியான விரும்பத்தகாதவர் என்ற விடுவிப்பும் பழைய வேலையைத் தொடர்ந்து செய்தன.

கதவு திறந்ததே தவிர, உள்ளே போனவர்கள் குறைவு. அதிகாரிகள் தம் கடமையைச் சரியாகவே செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் குழுக்கள் கோப்பைத் திறந்தன. தவறு நடந்தது என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. அதற்கான ஆவணம் ராணுவத்திடம் இருந்தது. பலருக்கு அதுவும் இல்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரையொட்டிய தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் பிடித்த தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான பணிக்கோப்புகளை எரித்தது. 1912 முதல் 1960 தொடக்கம் வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் அன்று சாம்பலாயின.

வியட்நாம் போர் இந்தச் சிக்கலை முற்ற வைத்தது. போர்முனையில் ஓராண்டு முடித்து ஊர் திரும்பிய வீரருக்குப் பணிக்காலம் இன்னும் பாக்கி இருக்கும். காட்டில் உயிர் பிழைத்து வந்தவரால் உள்நாட்டு முகாமின் அணிவகுப்பையும் பூட்ஸ் பளபளப்பையும் தாங்க முடியவில்லை. பதக்கம் வாங்கியவர்கள்கூட விடுப்பின்றிப் போய் விரும்பத்தகாதவர் ஆனார்கள். போதாக்குறைக்கு, டிடி 214இல் விலகல் காரணத்தைக் குறிக்கும் எண் ஒன்றும் இருந்தது. ஆளுமைக் குறைபாடு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்களின் விளக்கப்பட்டியல் வேலை கொடுப்பவர்கள் கைக்கும் போய்விட்டது. கௌரவமான விடுவிப்பு பெற்றவர்கூட ஏன் வேலை கிடைக்கவில்லை என்று தெரியாமல் அலைந்தார். 1974இல்தான் வீரருக்குத் தரும் பிரதியில் அந்த எண்ணை அச்சிடுவது நின்றது. 1977இல் அதிபர் கார்ட்டர் ஒரு சிறப்பு மறு ஆய்வுத் திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, அத்திட்டத்தில் உயர்வு பெற்றவர்களும் இன்னொரு ஆய்வில் தேறினால்தான் உதவிகள் உண்டு என்றது. பலர் சான்று உயர்ந்தும் மருத்துவமனைக்கு வெளியே நின்றார்கள்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (இங்கே சுருக்கமாகப் போர் அதிர்ச்சி நோய்) என்ற நோயைச் சேர்த்தது. வியட்நாம் வீரர்களுடன் நியூயார்க்கில் உட்கார்ந்து பேசிய ராபர்ட் லிஃப்டன், கெய்ம் ஷாடான் ஆகிய மருத்துவர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியிருந்தார்கள். நாடாளுமன்றம் கேட்டு நடந்த பெரிய ஆய்வொன்று, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் அந்நோய் அப்போதும் இருப்பதாகவும், சுமார் 31 சதவீதத்தினரை எப்போதாவது அது பீடித்திருந்ததாகவும் கண்டது.

இருந்தும் குழுக்களின் முடிவு மாறவில்லை. 1969இல் விலக்கப்பட்டவரின் கோப்பில் 1980இல் பெயரிடப்பட்ட நோய் இருக்க வழியே இல்லை. பணிக்காலத்தில் நோய் கண்டறியப்பட்டதற்குச் சான்றில்லை என்று விண்ணப்பங்கள் திரும்பின. திருத்த வாரியங்களில் இக்காரணத்துக்காக விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட உயர்வு பெறவில்லை. இந்த வரலாற்றில் மிகக் கொடிய கட்டம் இதுவே: அறிவு வந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கோப்புக்குள் நுழையவிடவில்லை.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் வேறொரு வழி கையாளப்பட்டது. போரிலிருந்து கலங்கித் திரும்பியவர்களை ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள் என்று விடுவித்தார்கள். அது படையில் சேர்வதற்கு முன்பே இருந்த குறை எனக் கருதப்பட்டதால் ஊனமுற்றோர் உதவித்தொகை தர வேண்டியதில்லை. சேரும்போது கொடுத்த ஊக்கத்தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டதும் உண்டு. 2001 முதல் 2007 வரை இப்படி விலக்கப்பட்டவர்கள் 22,000க்கும் மேல். நுழைவுப் பரிசோதனையில் தேறிப் போருக்குப் போய்வந்தவரிடம் அந்தக் குறை அப்போதுதான் தெரிந்ததா என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதன் பிறகு, போர்முனைக்குச் சென்று வந்தவரை இக்காரணம் காட்டி விலக்குமுன் போர் அதிர்ச்சி நோய்க்கும் பரிசோதிக்க வேண்டும் என்று விதி வந்தது.

ஒழுங்கீனம் என்ற தலைப்பின் கீழ் நோய் எவ்வளவு மறைந்திருந்தது என்பதை 2017இல் அரசுக் கணக்காய்வு அலுவலகம் எண்ணிக் காட்டியது. 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக விலக்கப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது 62 சதவீதத்தினருக்கு, விலகுமுன் இரண்டாண்டுகளுக்குள் போர் அதிர்ச்சி நோயோ, மூளைக்காயமோ, வேறு சில மனநலச் சிக்கல்களோ இருப்பதாக ராணுவ மருத்துவர்களே கண்டிருந்தார்கள். அந்த 57,141 பேரில் 13,283 பேர் கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பு பெற்றார்கள்.

திருப்பம் 2014இல் வந்தது. கான்லி மங்க் உள்ளிட்ட வியட்நாம் வீரர்கள் யேல் சட்டக் கல்லூரி மாணவர்களின் உதவியோடு வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று, தானும் வியட்நாமில் போரிட்டவரான பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், போர் அதிர்ச்சி நோயைக் காட்டி வரும் விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்கத் திருத்த வாரியங்களுக்கு உத்தரவிட்டார். மங்க்கின் விடுவிப்பு மறு ஆண்டே உயர்த்தப்பட்டது. 2016 டிசம்பரில் இப்பரிவு சட்டமாகவே ஆயிற்று.

2017 ஆகஸ்ட் 25 அன்று பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த கர்ட்டா குறிப்பாணை இன்று இத்தகைய விண்ணப்பங்களுக்கு அடிப்படை. அது நான்கு கேள்விகளை வைக்கிறது. தவறுக்குச் சமாதானம் ஆகக்கூடிய நோயோ அனுபவமோ விண்ணப்பித்தவருக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் நேர்ந்ததா? அது உண்மையில் அந்தத் தவறை விளக்குகிறதா? விடுவிப்புக்குக் காரணமானதை விட அது கனமானதா? மூளைக்காயமும், பணியில் நேர்ந்த பாலியல் தாக்குதலும் தொல்லையும் இதில் அடங்கும். பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர் அப்போதே புகார் கொடுக்காததை அவருக்கு எதிராகக் கொள்ளக்கூடாது. விண்ணப்பித்தவரின் வாக்குமூலமே போதிய ஆதாரம் ஆகலாம். இதன் பிறகு விண்ணப்பக் கட்டின் உள்ளடக்கமே மாறியது. டிடி 293 அல்லது டிடி 149 படிவத்தோடு, நல்ல நடத்தை நாட்களும் தாக்குதல் நடந்த நாளும் முதல் குற்றச்சாட்டு பதிவான நாளும் வரிசையாக எழுதப்பட்ட வாக்குமூலம், உடன் பணியாற்றியவர்களின் கடிதங்கள், மாறிப்போய்த் திரும்பியவரைப் பற்றி மனைவியோ தாயோ எழுதியது, நோய்க்கும் தவறுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் மனநல மருத்துவரின் அறிக்கை ஆகியவை சேர்ந்தன.

குழுக்கள் இந்த விதிகளைப் பின்பற்றவில்லை என்று தரைப்படை மீதும் கடற்படை மீதும் கூட்டு வழக்குகள் நடந்தன. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அவை சமரசத்தில் முடிந்து, மறுக்கப்பட்ட பல பழைய விண்ணப்பங்களை மீண்டும் ஆராய இரு படைகளும் ஒப்புக்கொண்டன. எல்லா வழியும் தீர்ந்தவர்களுக்கென்று பாதுகாப்புத் துறையில் மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் 2021இல் தொடங்கியது. 2023இல் டாயன் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவ ஓய்வு கேட்பவருக்கும் இப்பரிவு பொருந்தும் என்றது. மறு ஆண்டு வந்த துறைக் குறிப்பாணை அதன் எல்லையைச் சுருக்கியது. முன்னாள் படைவீரர் துறை தன் பங்குக்கு, கௌரவத்துக்குக் குறைந்த விடுவிப்பு பெற்றவர்களுக்கும் அவசர மனநலச் சிகிச்சையை 2017 முதல் தருகிறது. 2024 ஜூன் முதல், ஒருவரின் தகுதியை முடிவுசெய்யும்போது மனநலக் குறையையும் கணக்கில் கொள்கிறது.

விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, சட்டக் கல்லூரி மையங்கள் இலவசமாக வாதாடுகின்றன. ஆனாலும் முதல் அடியை நோயாளியே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. தன்பாலீர்ப்புக்காக விலக்கப்பட்டவர்களின் கோப்புகளைப் பாதுகாப்புத் துறை தானாகவே எடுத்துப் பார்த்து, யாரும் விண்ணப்பிக்காமலே 2024இல் 800க்கும் மேற்பட்டோரின் சான்றுகளை உயர்த்தியது. மனநோயால் விலக்கப்பட்டவர்களின் கோப்புகளையும் அரசே அவ்வாறு திறந்து பார்க்க வேண்டும். வியட்நாம் வீரர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள்.