பழைய வண்டியும் பழைய சட்டமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் கோட்டைகளைப் பற்றியும் கப்பற்படைகளைப் பற்றியுமே விரிவாக எழுதியுள்ளனர். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1639இல் கைப்பற்றியது, 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயரும் அவரையடுத்துப் பிரெஞ்சுக்காரரும் அதனைப் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து நிலைத்தது ஆகிய செய்திகள் பலரும் அறிந்தவை. அக்கப்பல்களிலே வந்திறங்கிய சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும், துறைமுக வீதியில் வசிக்கும் ஒருவர் அயலவரிடமிருந்து பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கி, மூன்றாம் நாளே அதன் எஞ்சின் பிளவுபட்டிருப்பதைக் கண்டால், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியுமா முடியாதா என்பதை இன்றும் தீர்மானிப்பவை அச்சட்டங்களே.

இக்கேள்வி மோட்டார் வண்டியை விட மிகவும் முதியது. பண்டை உரோமாபுரியின் சந்தைகளில் அடிமைகளும் மாடுகளும் குதிரைகளும் விற்கப்பட்டன. நோயுற்ற குதிரைக்கு நல்ல தீனி போட்டு, மெருகேற்றி, ஒரு நாளைக்கு மட்டும் மிடுக்காக நிற்கச் செய்து விற்றுவிடும் தரகர்கள் அங்கும் இருந்தனர். சந்தையை மேற்பார்வை செய்த ஈடில் எனப்பட்ட நகராதிகாரிகள் இதற்கொரு விதி செய்தனர். கண்ணுக்குப் புலப்படாத குறையொன்று விற்பனைக்கு முன்னரே பொருளில் இருந்திருக்குமாயின், வாங்கியவர் ஆறு மாதத்துள் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையை மீளப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்கலாம். விற்றவருக்கு அக்குறை தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. தெரியாமல் விற்றவரும் பொறுப்பாளியே. விற்றவர் வணிகரா, சாதாரண மனிதரா என்ற பேதமும் பார்க்கப்படவில்லை. யஸ்டினியன் பேரரசர் காலத்தில் இவ்விதி எல்லாப் பொருள்களுக்கும் உரியதாக விரிந்தது.

ஒல்லாந்து நாட்டு நீதிமான்கள் உரோமரின் சட்டத்தைத் தம் நாட்டு வழக்கங்களோடு இணைத்து வளர்த்தனர். அந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்தையே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களில் ஏற்றி, தெற்கே நன்னம்பிக்கை முனைக்கும் கிழக்கே இலங்கைக் கரைக்கும் கொண்டுவந்தது. ஆங்கிலேயர் நாட்டைக் கைப்பற்றிய பின்னரும் அதனை உடனே அகற்றிவிடவில்லை. 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் வெளியிடப்பட்ட பிரகடனம், ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று உறுதி கூறிற்று. எனவே ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு, ஆங்கிலக் கொடி பறந்த திருகோணமலையில், மாடொன்றையோ வண்டியொன்றையோ வாங்கி ஏமாந்தவர் உரோமச் சந்தையின் பாதுகாப்பையே பெற்றிருந்தார்.

இங்கிலாந்தின் சொந்தச் சட்டமோ இதற்கு நேர்மாறான பாதையில் வளர்ந்தது. 1603ஆம் ஆண்டைச் சேர்ந்த சாண்டலர், லோபஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. விலங்கின் வயிற்றில் உண்டாகும் பீசோவார் கல் விஷத்தை முறிக்கும் என்று அக்காலத்தவர் நம்பினர். (நம் நாட்டு வைத்தியர்கள் கோரோசனையைப் போற்றியது போன்றதே இது.) பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லைப் பீசோவார் என்று சொல்லி நூறு பவுணுக்கு விற்றார், அது பீசோவார் அன்று. ஆயினும் வாங்கியவர் வழக்கில் வெல்லவில்லை. ‘இது பீசோவார்’ என்று சொன்னது வெறும் சொல்லே. உத்தரவாதம் அளித்ததாகவோ, பொய்யென்று அறிந்தே சொன்னதாகவோ முறையிடப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். வாங்குபவர் தாமே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய போக்கு.

1893இல் இங்கிலாந்து தன் விற்பனைச் சட்டத்தைத் தொகுத்து எழுதியது. மூன்றே ஆண்டுகளில், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாக அது இலங்கைக்கும் வந்தது. பொருள் தரமாயிருத்தல் வேண்டும், கூறிய தேவைக்கு உதவுதல் வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் உண்டு. ஆனால் அவை அத்தகைய பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கே உரியவை. தம் சொந்த வண்டியை விற்கும் ஆசிரியரோ எழுதுவினைஞரோ அவற்றுக்குக் கட்டுப்பட்டவரல்லர். வணிக வசதிக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றத்தில், கடைக்காரரல்லாத ஒருவரிடம் வாங்கும் எளியவர் தமக்கிருந்த ஒரு காவலை இழந்தார். அன்று இதனைப் பெரிய இழப்பாக எண்ண இடமில்லாமற் போயிருக்கலாம். மோட்டார் வண்டி அப்போது இந்நாட்டு வீதிகளுக்கு வந்திருக்கவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. 1896ஆம் ஆண்டுச் சட்டம் அசையும் பொருள்களைப் பற்றியது மட்டுமே. நிலமும் வீடும் பழைய உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் கீழேயே இருந்துவிட்டன. ஆகவே திருகோணமலையில் ஒருவர் மறைவான குறையுள்ள வீட்டை வாங்கினால் அவருக்கு ஈடில்களின் விதி துணை நிற்கும். அவ்வீட்டின் முற்றத்தில் நிற்கும் காரையும் அதே மனிதரிடம் வாங்கினால், காருக்கு அத்துணை இல்லை. தென்னாபிரிக்காவிலோ அதே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டம் காருக்கும் இன்றுவரை பொருந்துகிறது. அங்கு விற்பவர்கள் அதிலிருந்து தப்புவதற்கு, ‘உள்ளது உள்ளபடியே’ என்னும் பொருளில், காலால் தள்ளிவிடுவதைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லொன்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வர். குறையை அறிந்தும் மறைத்தவரை அச்சொல்லும் காப்பாற்றுவதில்லை.

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய துறைமுகம், 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் ஆங்கிலக் கடற்படையிடமிருந்து இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படை போய்விட்டது, அதன் நாட்டு விற்பனைச் சட்டம் தங்கிவிட்டது. எழுதப்பட்ட சட்டம் பேசாத இடங்களில் ஆங்கில நாட்டு விதிகளையே பார்க்குமாறு 1896ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதால், இங்கிலாந்தின் கார் வழக்குகள் இங்குள்ளோருக்கும் பாடமாகின்றன.

அவற்றுள் ஒன்று 1956இல் தீர்க்கப்பட்டது. ஒருவர் தம் மொறிஸ் காரை 1948ஆம் ஆண்டினது என்று சொல்லி, 290 பவுண் மதிப்புக்கு வணிகர் ஒருவரிடம் கொடுத்தார். உண்மையில் அது 1939ஆம் ஆண்டு வண்டி. பதிவுப் புத்தகத்தை முன்பு யாரோ திருத்தியிருந்தனர். விற்றவர் புத்தகத்தை நம்பிச் சொன்னாரேயன்றி உத்தரவாதம் அளிக்கவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. நட்டம் வணிகரையே சேர்ந்தது. பதிவுப் புத்தகத்தை வேதவாக்காகக் கொள்வோர் இவ்வழக்கை நினைவிற் கொள்ளலாம்.

மற்றொன்று 1967ஆம் ஆண்டினது. வாங்குவோருக்கு ஆறுதல் தருவது. தனியார் ஒருவர் ‘ஹெரால்ட், வெள்ளை நிறம், 1961’ என்று விளம்பரம் செய்தார். வாங்கியவர் நேரிற் சென்று பார்த்தே வாங்கினார். பின்னரே இரகசியம் வெளிப்பட்டது: வண்டியின் பிற்பாதி மட்டுமே 1961ஆம் ஆண்டினது, முற்பாதி அதனிலும் பழைய வேறொரு வண்டியுடையது, இரண்டையும் யாரோ ஒட்டவைத்திருந்தனர். விற்றவருக்கும் இது தெரியாது. ஆயினும் பொருள் வருணனைக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை தனியாரையும் கட்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நிபந்தனை இலங்கைச் சட்டத்திலும் உண்டு. விளம்பரத் துண்டைப் பத்திரப்படுத்தி வைத்தவருக்கு இதனால் ஒரு பிடி கிடைக்கிறது.

விற்கும் உரிமை பற்றிய நிபந்தனையும் தனியாருக்கு உரியதே. 1923இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், காரைச் சில மாதம் ஓட்டிய பின் அது திருட்டு வண்டியெனத் தெரிந்து பொலிசார் எடுத்துச் சென்றனர். ஓட்டிய மாதங்களுக்கு எதுவும் கழிக்காமல், 334 பவுண் முழுவதும் வாங்கியவருக்குத் திரும்பக் கிடைத்தது. குத்தகைக் கடன் தீராத வண்டிகள் கைமாறும் இக்காலத்தில் இந்நிபந்தனையின் பயன் பெரிது.

2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரம் செய்வோரை நோக்கியதாதலின், அயலவரிடம் வாங்கியவருக்கு அது பெரிதும் உதவுவதில்லை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. கைமாறிய பணமும் பெரிது. அப்பணத்தை இழந்தவர் நீதிமன்றம் செல்ல வேண்டுமாயின், வாய்ச்சொல்லாக அளித்த உறுதிக்கும் கையொப்பமிட்ட கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் அவசியம். வழக்குத் தொடரும் கால எல்லையை விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டும், எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும் தவணை கொடுக்கிறது.