சந்தாபுராவும் சிறு இதயங்களும்: எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

இதய அறுவையின் வரலாறு பெரும்பாலும் அறுவை மருத்துவர்களின் வீரக்கதையாகவே எழுதப்பட்டுள்ளது. 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உடல் நீலம் பாரித்த குழந்தை ஒன்றுக்கு ஆல்பிரட் பிளேலாக் அறுவை செய்தார். அதை விலங்குகளிடம் செய்து செய்து வடிவமைத்த விவியன் தாமஸ், மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பின உதவியாளர். அன்று அவர் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் படிமேடையில் நின்று வழிகாட்டினார். அக்குழந்தையோ சில மாதங்களில் இறந்துபோனது. வெற்றி என்று பதிவான நிகழ்வின் பின்விளைவைப் பலர் கூறுவதே இல்லை.

தமிழகத்தில் 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவைக்கு அடித்தளமிட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பின், ஓசூர் சாலையில் சந்தாபுராவை அடுத்த பொம்மசந்திராவில், தேவி ஷெட்டி நிறுவிய நாராயணா இருதயாலயா எழுந்தது. நாள்தோறும் மிகப் பல அறுவைகளைச் செய்து ஒவ்வொன்றின் செலவையும் குறைப்பது அதன் வழி. 2003இல் செயல்படத் தொடங்கிய கர்நாடகத்தின் யசஸ்வினி திட்டம், கூட்டுறவுச் சங்க உழவரிடம் மாதம் 5 ரூபாய் மட்டுமே பெற்று அறுவைச் செலவை ஏற்றது. விலையின் தடை இவ்வாறு ஓரளவு தளர்ந்தது.

ஆயினும் மலிவான அறுவை நல்ல விளைவைத் தருமா என்பது வேறு வினா. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையை மையமாகக் கொண்ட பன்னாட்டுத் தர மேம்பாட்டுக் கூட்டமைப்பு அதற்கு எண்களால் விடை தேடியது. 2010 முதல் 2012 வரை, 17 வளரும் நாடுகளின் 28 மையங்களில் நடந்த 15,049 அறுவைகளை அது ஆராய்ந்தது. மருத்துவமனையிலேயே இறந்தோர் 6.3 விழுக்காடு, கடுந்தொற்றுக்கு ஆளானோர் 7 விழுக்காடு. நோயின் சிக்கலைக் கணக்கிலெடுத்துப் பார்த்தபோது, முதலாண்டைவிட அடுத்த ஈராண்டுகளில் இறப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது. விலையுயர்ந்த புதுக் கருவி எதுவும் இதற்குக் காரணமன்று. கை கழுவுதல், அறுவைக்கு முன் சரிபார்ப்புப் பட்டியல், ஐயம் எழுந்தால் மருத்துவரைத் தடுத்துக் கேட்கும் உரிமை செவிலியருக்கு: இவைதாம் அங்கு வலியுறுத்தப்பட்டன. கொச்சி அம்ரிதா மருத்துவமனையின் அனுபவமும் இத்திசையையே காட்டிற்று.

இங்கே ஒரு குறை உண்டு, சிறியதன்று. இந்தக் கணக்கு மருத்துவமனை வாயிலோடு முடிகிறது. எடை குறைந்து, நாள் கடந்து வந்து, அறுவை முடிந்து ஊர் திரும்பும் குழந்தை அடுத்த மழைக்காலத்தில் மூச்சுத் திணறினால், அவ்வூரில் இதய ஒலியைச் செவிமடுத்து அறியும் மருத்துவர் இருப்பாரா என்பது 6.3 என்ற எண்ணுக்குள் அடங்கவில்லை.